பாட்டை நிறுத்திய பிறகு கேட்ட இரைச்சல்

ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். மூன்றாவது முறையும் அதே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், எழுந்து வந்துவிட்டேன். அப்படி வந்தவன் என்னென்ன கட்டினான் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஒரு சைக்கிள் கடையின் ஓரத்தில் மடக்கு நாற்காலி ஒன்றும் ஈயம் பற்றவைக்கும் கம்பி ஒன்றுமாக, காருக்குப் பாட்டு செட் மாட்டும் தொழிலை ஆரம்பித்தேன். அங்கிருந்து, மாட்டுத்தாவணி போகும் சாலையில் ஒரே நேரத்தில் நான்கு கார் உள்ளே நிற்கும் கடையைக் கட்டினேன். மேலூரில் ஒன்று, திருமங்கலத்தில் ஒன்று என இரண்டு கிளை வைத்தேன். கடன் கேட்டுப் போன வங்கியில், சொந்தமாகக் கார் இல்லாதவனுக்குக் கார் செட் தொழில் எதற்கு என்று கேட்டார்கள். பின்னாளில் அந்த மேலாளரின் காருக்கு ஸ்பீக்கர் மாட்டியது நான்தான். ஆங்கிலத்தில் அச்சடித்த வயரிங் படத்தில் ஒரு எழுத்தும் புரியாமல், கோடுகளை மட்டும் விரலால் தொட்டுப் போயே வேலை கற்றேன். சென்னையிலிருந்து வந்த கம்பெனி ஆள் கைவிரித்த வெளிநாட்டு வண்டியின் இரைச்சலை மதியச் சாப்பாட்டுக்குள் நிறுத்தினேன். என்னிடம் வேலை பார்த்தவர்களில் பதினொரு பேர் இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களில் எவனாவது இல்லை என்று சொல்வானா, கேட்டுப் பாருங்கள்.

எனக்கு வாத்தியார் என்று எவரும் கிடையாது. 'அவனுக்கு நான்தான் தொழில் சொல்லிக் கொடுத்தேன்' என்று என்னைப் பற்றி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எரிந்துபோன செட்டுகளைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன். அவற்றில் சில நான் எரித்தவை.

கடையை மகனிடம் கொடுத்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். நம் கார் செட் கடைக்காரர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஒரு கையேடு போடுகிறோம், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் தட்டச்சு செய்கிறாள். தமிழ் அவள் திருத்தியது. விஷயம் என்னுடையது.

எந்த வயர் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அது போனிலேயே கிடைக்கிறது. போனில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். இரைச்சலோடு ஒரு வண்டி உள்ளே வந்து நிற்கும்போது வாயைத் திறப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அது. நான் திறந்துவிட்டேன். அந்தக் கதைதான் இது.

கதைக்கு முன்னால் ஒரு சின்னச் சம்பவம். அது இல்லாமல் என் அந்த நாளைய மிதப்பு உங்களுக்குப் புரியாது. திருமங்கலத்திலிருந்து ஒரு வாடகை கார் வந்தது. ஸ்பீக்கரில் கொரகொரவென்று சத்தம். அதற்குமுன் இரண்டு கடைகளில் பார்த்து, ஒரு கடையில் செட்டையே மாற்றியிருந்தார்கள். நான் காரின் கதவைத் திறந்தேன். சிகரெட் பற்றவைக்கும் துளையில் ஒரு மலிவான போன் சார்ஜர் செருகியிருந்தது. அதைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது.

"அம்புட்டுத்தானாண்ணே?" என்றார் ஓட்டுநர்.

"அம்புட்டுத்தான்."

"இதுக்கா மூணு நாளு வண்டிய நிறுத்திப் போட்டு, எல்லாவன்ட்டயும் பேச்சு வாங்குனேன்?"

"சார்ஜர மாத்து. இல்லேன்னா போன மாத்து. என்னைய மட்டும் மாத்திராத" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்று ஒரு பேர் கிடைத்தது. அந்தப் பேரை நான் ரொம்ப ரசித்தேன். அந்த ருசி நாக்கில் இருந்த நாட்களில்தான் மில்காரர் வந்தார்.

மில்காரர் மேலூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர். ஆறு மாதத்துக்கு முன்னால் அவருடைய பெரிய காருக்கு நானே நின்று செட் போட்டுக் கொடுத்திருந்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஸ்பீக்கர். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஆம்ப். பாட்டின் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியைத்தான் ஆம்ப் என்கிறோம்.

என் கடையில் வண்டியை ஒப்படைப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் ஆம்ப்பின் தலையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமப் பொட்டு வைப்பேன். பக்கத்தில் கடையின் பேர் அச்சடித்த ஸ்டிக்கர். முன் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். பிறகு பென் டிரைவைச் செருகி, சாமி பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து, நான்கு கதவையும் திறந்துவிடுவேன். எதிர் டீக்கடையில் கிளாஸ் அதிரும். வண்டிக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பிலேயே வண்டியை வெளியே அனுப்பிவிடுவேன். இருபத்தைந்து வருடமாக இதுதான் வழக்கம். ஒரு வண்டியும் பாட்டு இல்லாமல் என் வாசலைத் தாண்டியது கிடையாது. இதில் என்ன கோளாறு இருக்க முடியும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காலை பதினொரு மணி இருக்கும். மில்காரர் முன் சீட்டிலிருந்து இறங்கினார். பின் சீட்டில் அவர் மனைவி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஓட்டி வந்தவர் செல்லப்பாண்டி, பதினோரு வருடமாக அவர்களிடம் ஓட்டுநர். வண்டியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ஆள். அன்றும் இறங்கியதும் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, செட்டு இரையுது" என்றார் மில்காரர்.

"எப்படி இரையுது முதலாளி?"

"காஞ்ச தோசக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி, உஸ்ஸுன்னு. நிக்கவே மாட்டேங்குது."

"பாத்துருவோம். மாப்ள கண்ணா, சீட்டத் தள்ளு." கண்ணன் என் கடையின் மூத்த பிட்டர். நாற்பது வயது ஆள், கை சுத்தம்.

"சரி பண்றது அப்புறம்ணே. மொதல்ல இது நீங்க போட்ட செட்டுத்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. காத்திருந்த இரண்டு வண்டிக்காரர்களும் எதிர் டீக்கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லப்பாண்டியின் கை கண்ணாடியிலேயே நின்றது.

"ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"போன மாசம் இவன் அக்கா மக கல்யாணம்னு வண்டியக் கேட்டான். குடுத்தேன். ரெண்டு நாளு திருமங்கலம் பக்கம் கொண்டுபோயிட்டு வந்தான். அதுல இருந்துதான் இந்தச் சத்தம். நல்லதக் கழட்டி வித்துட்டு, எதையோ மாட்டிக் கொண்டாந்துட்டான்."

"முதலாளி, நான் எதுக்கு..." என்று செல்லப்பாண்டி ஆரம்பித்தார்.

"உன்னையக் கேக்கல. அண்ணன் சொல்லட்டும். அவரு சொன்னா நான் ஒத்துக்கிறேன்."

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அங்கே கேட்கப்பட்டது இரைச்சலைப் பற்றிய கேள்வி இல்லை. ஒரு மனிதர் திருடரா இல்லையா என்பது கேள்வி. பதில் சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள். மேலூருக்கும் மதுரைக்கும் நடுவில், முதலாளியின் சாமானைக் கழற்றி விற்றவன் என்று பேர் வாங்கிய ஓட்டுநருக்கு இன்னொரு ஸ்டீயரிங் கிடைக்காது. இது எனக்கும் தெரியும். தெரிந்தும், என்னை நம்பி நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற நினைப்புதான் முன்னால் நின்றது.

டார்ச் அடித்துச் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். ஆம்ப் இருந்தது. அதன் தலை வெறுமையாக இருந்தது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. நிமிர்ந்தேன்.

"இது என் கை இல்ல முதலாளி."

எத்தனை விநாடி பார்த்தேன்? ஐந்து இருக்கும்.

கண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம வயரு மாதிரித்தான இருக்கு?" என்றான்.

"வயரு ஊரெல்லாம் இருக்கும்டா. பொட்டு எங்க? ஸ்டிக்கர் எங்க? பொட்டு இல்லாம நம்ம கடைய விட்டு எந்த ஆம்ப்பாவது போயிருக்கா?"

"நாந்தாண்ணே தொடச்சேன்" என்றார் செல்லப்பாண்டி. "கல்யாணத்துல பிள்ளைக சாம்பாரக் கொட்டிருச்சுக. அப்படியே கொண்டாந்து விடவா முடியும்? சீட்ட நகட்டி, சோப்பு போட்டு எல்லாத்தையும் தொடச்சேன். ஸ்டிக்கரு ஊறி வந்துருச்சு. நல்லாப் பாருங்கண்ணே."

"கேட்டீங்களா? ஸ்டிக்கரு தானா வந்துருச்சாம்" என்றார் மில்காரர். டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "சாவியக் குடு."

பின் சீட்டிலிருந்து அவர் மனைவி, "அவசரப்படாதீங்கன்னு வீட்டுலயே சொன்னேன்ல" என்றார்.

"நீ பேசாம இரு. அப்புறம் தலை சுத்தும்."

செல்லப்பாண்டி சத்தம் போடவில்லை. சாவியைக் கொடுத்தார். கதவுப் பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்துக்கொண்டார். கையில் இருந்த துடைக்கும் துணியை நான்காக மடித்து டேஷ்போர்டின் மேல் வைத்தார். அது வண்டியுடையது. பிறகு என் கடையின் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேலூருக்குப் பேருந்து பிடிக்க வேண்டும் என்றால் மாட்டுத்தாவணிக்கு நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. எதற்கு நின்றார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"இதக் கழட்டிக் கடாசிட்டுப் புதுசு போடுங்கண்ணே. இன்னைக்கே வேணும். இவளுக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, ஆட்டோவுல போயிட்டு வாரேன்" என்று மில்காரர் சாவியை என் கையில் வைத்தார்.

கழற்றுவதற்கு முன் சத்தத்தை ஒரு தடவை எல்லாரும் கேட்கும்படி காட்டிவிடலாம், மட்டமான சாமானுக்கும் நம் சாமானுக்கும் வித்தியாசம் தெரியட்டும் என்று நினைத்தேன். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினேன். கை தானாகச் சத்தம் கூட்டும் குமிழுக்குப் போனது.

"அண்ணே, பாட்டு வேணாம்ணே" என்றார் பின்னால் இருந்த அம்மா. இறங்குவதற்குக் கதவைப் பிடித்திருந்தார். "காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கும். டாக்டரு சத்தமே ஆகாதுன்னுட்டாரு. ஒரு மாசமா இந்த வண்டியில பாட்டே கிடையாது."

குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

"ஒரு மாசமாவாம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாலயா? இவரு ஏறி உக்காந்தா மொத வேல பாட்டுத்தான். பக்கத்துல நான் பேசுறது கேக்காது. கேக்கக் கூடாதுன்னுதான் வைப்பாரோ என்னமோ."

பென் டிரைவைப் பிடுங்கினேன். சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன். பாட்டு இல்லாமல் செட் மட்டும் ஓடும் ஒரு காரில் நான் சும்மா உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உஸ்ஸென்ற சத்தம் நான்கு பக்கமிருந்தும் வந்தது. எஞ்சினைப் போட்டேன். அதே அளவு. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஏறவில்லை, இறங்கவில்லை. விளக்கைப் போட்டேன், ஏசியைப் போட்டேன், வைப்பரை ஓடவிட்டேன். எதற்கும் அசையவில்லை.

எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் சத்தம் என்றால் எர்த் சரியில்லை, அல்லது கரண்டு வயரும் பாட்டு வயரும் ஒட்டிப் போகின்றன. விட்டு விட்டுக் கொரகொரத்தால் எங்கோ இணைப்பு ஆடுகிறது. எதற்கும் மசியாமல் ஒரே அளவில் இரைந்துகொண்டே இருந்தால், கெயின் கூடுதல். ஆம்ப்பின் விலாவில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதுதான் கெயின். உள்ளே வருவதை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று அது சொல்லும். கடைசி வரைக்கும் திருகி வைத்தால் பாட்டோடு சேர்த்து செட்டின் சொந்த மூச்சையும் பெருக்கிக் கொடுக்கும். பாட்டு ஓடும்போது அது தெரியாது. பாட்டை நிறுத்தினால் தெரியும்.

கெயினைக் கடைசி வரைக்கும் திருகி வைப்பவன் யார்? நான்தான். டீக்கடையில் கிளாஸ் அதிர வேண்டுமே!

இறங்கி மறுபடியும் டார்ச்சை அடித்தேன். இந்தத் தடவை ஆம்ப்பின் தலையைப் பார்க்கவில்லை, விலாவைப் பார்த்தேன். திருகு கடைசி வரை போய் நின்றது. அதன் பள்ளத்தில் கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு.

அது நகப்பூச்சு. வண்டியின் குலுக்கலில் திருகு நகராமல் இருக்க, என் வீட்டுக்காரி போடும் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைப்பேன். மற்ற கடைகளில் வெள்ளைப் பெயிண்ட் வைப்பார்கள், அல்லது ஒன்றும் வைக்க மாட்டார்கள். குங்குமம் துடைத்தால் போகும். ஸ்டிக்கர் சோப்புத் தண்ணீரில் ஊறி வரும். நகப்பூச்சு போகாது.

ஆக, ஆம்ப் என்னுடையது. இரைச்சலும் என்னுடையது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. ஐந்து மாதம் பாட்டு அதை மூடி வைத்திருந்தது.

கண்ணனும் பார்த்துவிட்டான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். மில்காரர் சாலையில் ஆட்டோவைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, கெயினைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இரைச்சல் போய்விடும். பார்த்த மாத்திரத்தில் சொன்னாரே என்று என் பேர் இன்னும் ஏறும். உண்மையைச் சொன்னால், ஐந்து விநாடியில் ஒரு மனிதனைத் திருடனாக்கியவன் என்று இந்தக் கூட்டமே பேசும். இது ஒன்றும் சுலபமான கணக்கு இல்லை. சுலபம் என்று சொல்பவன் தொழில் செய்யாதவன். தூணைப் பார்த்தேன். செல்லப்பாண்டி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். மூடியைத் திறக்கவே இல்லை.

"முதலாளி, ஆட்டோ வேணாம். இங்க வாங்க."

"என்னண்ணே?"

"இது என் செட்டுத்தான். இரையுறதும் என் தப்புத்தான். சாவி அவருகிட்டத்தான் போகணும்."

மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தான இல்லேன்னீங்க?"

"பாக்காமச் சொல்லிட்டேன்."

"கால் மணி நேரத்துல ரெண்டு பேச்சுப் பேசுறீங்களேண்ணே. நான் எதை நம்ப? அவன் மூஞ்சியப் பாத்துப் பாவமாப் போச்சா?"

நியாயமான கேள்வி. முதல் பேச்சை நம்பியவருக்கு இரண்டாவது பேச்சை நம்ப ஒரு காரணமும் இல்லை. வாயால் கெடுத்ததை வாயால் சரி செய்ய முடியாது என்று அங்கேதான் புரிந்தது. மேசை இழுப்பறையிலிருந்து நகப்பூச்சு பாட்டிலை எடுத்து வந்தேன். மில்காரரைக் குனியச் சொல்லித் திருகைக் காட்டினேன். அதற்குப் பக்கத்திலேயே ஆம்ப்பின் மேல் புதிதாக ஒரு சொட்டு வைத்தேன். அவர் மனைவியும் இறங்கி வந்து பார்த்தார். இரண்டும் ஒரே நிறம்.

"நகப்பூச்சா?" என்று அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்ணே, வீட்டுல அக்கா தேட மாட்டாகளா?"

"தேடுவா. வேற பாட்டில் வாங்கிக் குடுத்துருவேன்."

பிறகு சின்னத் திருப்புளியால் அந்தச் சொட்டை உடைத்துத் திருகைத் திருப்பினேன். கால்வாசி திருப்பியதும் இரைச்சல் தணிந்தது. பாதிக்கு வந்ததும் நின்றது. காருக்குள் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே பேருந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றார் மில்காரர்.

"இம்புட்டுத்தான்."

"அப்ப இத்தன நாளு ஏன் கேக்கல?"

"என்னைக்காச்சும் பாட்டு இல்லாம இந்த வண்டியில போயிருக்கீங்களா முதலாளி?"

அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி, "எங்க விடுவாரு?" என்றார்.

மில்காரர் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு தூணருகே போனார். "இந்தாப்பா. வண்டிய எடு. நேரமாச்சு" என்றார். அவருக்கும் உள்ளே உறுத்தல் இருந்தது. அதை அந்த அவசரத்தில் மறைத்தார்.

செல்லப்பாண்டி கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கப்பா."

"வாங்கிக்கிறேன் முதலாளி" என்றவர் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க 'என் கை இல்ல'ன்னு சொன்னப்ப அந்தா அந்த டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. என் தப்புன்னு சொன்னது இந்தக் கார் வரைக்குந்தான் கேட்டுச்சு. நாளைக்கு நான் இந்த ரோட்டுல வண்டி ஓட்டணும்."

"அதான் முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்லப்பா."

"அவரு ஒருத்தர்ண்ணே. கேட்டவுங்க அம்புட்டுப் பேரு. என் பேரச் சொல்லிச் சொல்லுங்க. உங்க பேரையும் சேத்துச் சொல்லுங்க."

என்னிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியது கிடையாது. கோபம் வந்தது. நாலு கார் நிற்கும் கடை கட்டியவனை, என் தூணில் சாய்ந்து நிற்கிற ஓர் ஓட்டுநர் வாசலுக்குப் போகச் சொல்கிறார். கண்ணன் என்னைப் பார்க்காமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். மில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். செல்லப்பாண்டி என்னையே பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. அவர் கேட்டதில் ஒரு தப்பும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாசலுக்குப் போனேன். டீக்கடைப் பக்கம் பார்த்துச் சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. செல்லப்பாண்டி எதையும் கழட்டல. செட்டு என் செட்டு. கெயின முட்டத் திருகி இரைய விட்டவன் நான். சரியாப் பாக்காம அவரு மேல பழி போட்டவனும் நாந்தான்." என் பேரையும் முழுசாகச் சொன்னேன்.

டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்த ஒருவர், "என்னண்ணே, சாமி பாட்டுக்குப் பதிலா இன்னைக்கு இதுவா?" என்றார். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். திரும்பிப் பார்த்தபோது செல்லப்பாண்டி சாவியை வாங்கி வண்டியில் ஏறியிருந்தார். டேஷ்போர்டில் மடித்து வைத்த துணியை எடுத்து, நான் திருகும்போது கைபட்ட இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் எஞ்சினைப் போட்டார். பாட்டு இல்லாமல் என் வாசலைத் தாண்டிய முதல் வண்டி அது.

பிறகு கொஞ்ச நாள், யார் டீ குடிக்க வந்தாலும் "இன்னைக்கு எவன்ணே திருடன்?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸை எடுப்பார்கள். இரண்டு வாடிக்கைக்காரர்கள் வராமலே போனார்கள். மில்காரர் வந்துகொண்டுதான் இருந்தார். அதே ஓட்டுநர்தான் ஓட்டி வந்தார். அவர் என்னோடு அதிகம் பேசியதில்லை. வணக்கம் வைப்பார், நானும் வைப்பேன்.

வழக்கத்தை நான் மாற்றினேன். பொட்டு இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது, பாட்டும் இருந்தது. ஆனால் பாட்டுக்கு முன்னால் ஒன்றைச் சேர்த்தேன். வேலை முடிந்ததும் கதவு நான்கையும் சாத்திவிட்டு, செட்டைப் போட்டு, சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து உள்ளே உட்கார வேண்டும். முதலில் எஞ்சின் இல்லாமல். பிறகு எஞ்சினோடு. பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்து. பிறகு விளக்கு, ஏசி, வைப்பர் எல்லாம் போட்டு. நான்கு தடவையும் வாயைத் திறக்கக் கூடாது. வண்டிக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை என்றால்தான் பாட்டு. ஆரம்பத்தில் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. "என்னண்ணே, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்கார வைக்கிறீங்க" என்றார் ஒரு வண்டிக்காரர். "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, கெயின் இரைச்சலுக்காக ஒரு வண்டியும் என் கடைக்குத் திரும்பி வரவில்லை. கண்ணனைக் கேளுங்கள், திருமங்கலம் கிளை இப்போது அவனுடையது.

இரைச்சலோடு வரும் வண்டியில் வண்டிக்காரர் ஒரு கதையோடு வருவார். எங்கே கேட்டது, எப்போதிலிருந்து கேட்டது, யார் கெடுத்தது என்று எல்லாம் முடிவு பண்ணியிருப்பார். கதையைக் கேளுங்கள், ஆனால் அதற்குத் தலையாட்டாதீர்கள். எப்போதிலிருந்து இரைகிறது என்று கேட்காதீர்கள். எப்போதிலிருந்து உங்களுக்குக் கேட்கிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒரே நாளாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் இருக்கிற நாட்களில் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு தடவை பேசாமல் கேட்கும் இந்த முறை இன்று மேலூரிலிருந்து திருமங்கலம் வரை கடைச் சுவர்களில் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. ஒருவன் அதை வீடியோவாகவே போட்டிருக்கிறான். அவனே ராத்திரி பகலாக யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறான். சங்கம் போடும் இந்தக் கையேட்டின், இன்னும் அச்சுக்குப் போகாத முதல் பிரதியை மருமகள் எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் இந்த முறை இருக்கிறது. மேலே 'பொதுவாகப் பின்பற்றப்படும் முறை' என்று போட்டிருக்கிறார்கள். அது பொதுவாக எங்கே இருந்து வந்ததாம்? என் கடை வாசலில் இருந்து வந்தது. டீக்கடைக்காரர்கள் சிரித்த வாசல் அது.

கையேட்டுக் குழுவுக்கு இதை எழுத்தில் கேட்கிறேன். அந்தப் பக்கத்தில் என் பேரைப் போடுங்கள். முழுப் பேராக, முதலெழுத்தோடு. பெருமைக்கு மட்டும் கேட்கவில்லை. பெருமைக்கும்தான் கேட்கிறேன், அதை மறைக்க மாட்டேன். கெயினை முட்டத் திருகி, பார்க்காமல் பழி சொன்ன கதையையும் அதற்குக் கீழேயே போடுங்கள், அதுவும் என் பேரில். செல்லப்பாண்டியிடம் கேட்டுவிட்டேன். அவர் பேரைப் போடலாம் என்றார், எதையும் கழற்றவில்லை என்று தெளிவாக இருந்தால் மட்டும்.

தப்பு என்னுடையது. முறை என்னுடையது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதற்குப் 'பொது' என்று போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் என் பேர் வேண்டும். அது வருகிற வரைக்கும் இந்த எழுத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.